நகம் பட்ட வீடு

வாங்க சார், உள்ள வாங்க. செருப்ப உள்ளயே விட்டுடுங்க. வெளிய விட்டா தெரு நாய் ஒண்ணு மாடி ஏறி வந்து ஒத்தச் செருப்ப மட்டும் தூக்கிட்டுப் போயிடுது. லிஃப்ட் கெடையாது, அத ஃபோன்லயே சொல்லிட்டேன். ஃபேனுக்கு அடியில உக்காருங்க, தண்ணி எடுத்தாரேன்.

ஒண்ணு கேக்கணும் சார். கீழ கேட்டுப் பக்கத்துல ஒரு பொண்ணு துணி காயப்போட்டுக்கிட்டு இருந்துச்சே, உங்ககிட்ட ஏதாச்சும் பேசுச்சா? பேசலயா. சரி, பேசலன்னா நல்லது. தமயந்தின்னு பேரு. மருந்துக் கடையில பில்லு போடுது, புருசன் வேன் ஓட்டறாரு. நாங்க முன்னால குடியிருந்த கீழ் வீட்லதான் இப்ப அவங்க இருக்காங்க. நல்ல பொண்ணுதான், சும்மா கேட்டேன்.

வீட்ட அப்புறம் சுத்திப் பாக்கலாம், அது எங்கயும் ஓடிடாது. என் பேரு தணிகாசலம். முப்பத்தோரு வருஷம் தி.நகர்ல ஒரு பெரிய ஜவுளிக் கடையில பட்டு செக்‌ஷன்ல நின்னவன். நின்னவன்னு பேச்சுக்குச் சொல்லல, உக்கார ஒரு ஸ்டூல் கூட கெடையாது. காலு ரெண்டுலயும் நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்குது. எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு சார். நல்ல புடவைன்னா வெலையக் கடைசியிலதான் சொல்லணும். மொதல்ல பிரிச்சு, முந்தானைய எடுத்து வந்தவங்க தோள்ல போட்டுடணும். தோள்ல விழுந்த புடவைய எறக்கி வெக்க யாருக்கும் மனசு வராது. ஆனா டேமேஜ் பீஸ்னா நேர் தலைகீழ். ஓட்டை எங்க இருக்குன்னு நாமளே விரல வெச்சுக் காட்டிடணும். அவங்களா கண்டுபுடிச்சா வெச்சுட்டுப் போயிடுவாங்க, நாம காட்டினா இந்தாளு யோக்கியன்னு நெனச்சு வாங்கிடுவாங்க.

அதனால உங்களுக்கு மொதல்லயே ஓட்டையக் காட்டிடறேன். இந்த வீட்டப் பத்தி வெளிய ஒரு பேச்சு இருக்குது. உங்களுக்கு முன்ன வந்த பதினோரு பேருக்கும் நான் அதச் சொல்லல. அவங்களே தெரிஞ்சுக்கிட்டாங்க, போயிட்டாங்க.

இன்னிக்கு உங்ககிட்ட இத வித்தாகணும் சார். என் சம்சாரம் பொண்ணு வீட்டுக்குப் போயி ரெண்டு வருஷமாச்சு. வீட்ட வித்துட்டுப் போனா என்னச் சேத்துக்குவா. விக்காம போனா வாசல்லயே நிக்க வெச்சுடுவா. அதுவும் முழு வெலைக்கு விக்கணும். ஒரு ரூபா கொறைக்கக் கூடாது, அது ஏன்னு அப்புறம் சொல்றேன். டேமேஜக் காட்டிட்டு முழு வெலை கேக்கற மொத ஆளு ஒலகத்துலயே நானாத்தான் இருப்பேன்.

டேமேஜ் பீஸ்னு சொன்னேன்ல, அதுல ஒரு தொழில் ரகசியம் இருக்குது. ஆடித் தள்ளுபடிக்கு முன்னால, இழை விட்டது, சாயம் ஏறினதுன்னு அந்த மாதிரிப் புடவைங்களயெல்லாம் தனியா ஒதுக்குவாங்க. அதுல வேணுங்கறத ஸ்டாஃபுக்குப் பாதி வெலைக்குக் குடுப்பாங்க. நாங்க என்ன பண்ணுவோம், மனசுக்குப் புடிச்ச புடவையா பாத்து, மடிக்கும்போது உள் மடிப்புல கட்டை விரல் நகத்தால ஒரே ஒரு கீறு. ஒரு இழை எழும்பி நிக்கும், அவ்வளவுதான். எல்லாரும் பண்ணுவாங்க சார். பேராசைப்பட்டா மாட்டிக்குவோம்னு வருஷத்துக்கு ஒண்ணோட நிறுத்திக்குவோம். நம்ம கையால நூறு பேருக்குப் பிரிச்சுப் போடுற சாமான் நம்ம வீட்டுக்கு மட்டும் வராதுன்னா, கொஞ்சம் நகம் படத்தான செய்யும்.

என் பொண்ணு யாமினி பொறந்த வருஷம், என் சம்சாரம் குணவதிக்கு அப்படித்தான் ஒரு அரக்குப் புடவை எடுத்தேன். மூணு மாசம் அந்தப் புடவைய எத்தன பொம்பளைங்க தோள்ல போட்டிருப்பேன், ஒருத்தருக்கும் பொருந்தல. பொருந்தக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே போடுவேன். குணவதி கட்டிக்கிட்டு நின்னப்ப, கீறு எங்கன்னு கேட்டா. கொசுவத்துக்குள்ள போயிடுச்சு பாருன்னேன். அப்படிச் சிரிச்சா. உங்க நகம் இருக்கே, அத வெட்டவே வெட்டாதீங்கன்னா. அவ அப்பெல்லாம் அப்படித்தான் சார், வாய் ஓயாது. பால் பொங்கினாலும் பேசிக்கிட்டேதான் அடுப்ப அணைப்பா.

எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்க. நாங்க இந்த ஊர்ல ஏழு வீடு மாறினோம். ஒரு வீட்ல மாவாட்டக் கூடாது, சத்தம் கேக்குமாம். ஒரு வீட்ல விருந்தாளி ரெண்டு நாளைக்கு மேல தங்கக் கூடாது. ஏழு வீட்லயும் பொதுவா ஒரு சட்டம், செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. காலண்டர ஜன்னல் கம்பியில கட்டித் தொங்க விட்டிருப்பா குணவதி. எங்க கல்யாண ஃபோட்டோ இருபத்தஞ்சு வருஷம் பீரோ மேல படுத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஏழாவதா இந்த அயனாவரத்துக்கு, இதே கட்டடத்துல கீழ் வீட்டுக்கு வந்தோம். பதினாலு வருஷம் இருந்தோம். யாமினி கல்யாணம் கூட அங்கேர்ந்துதான் பண்ணேன்.

வாங்கணும்னு நான் சேக்காம இல்ல சார். மொதத் தடவை வெலை கேட்டப்ப ரெண்டு ரூமு வீடு பதினெட்டு லட்சம்னாங்க. வாயக் கட்டி வயித்தக் கட்டி மூணு வருஷம் கழிச்சுப் போனா இருபத்தாறுங்கறாங்க. இன்னும் கொஞ்சம் சேத்துக்கிட்டுப் போனா முப்பத்தஞ்சு. என் சம்பளம் தீபாவளிக்குத் தீபாவளி ஐந்நூறு ஏறும், மொதலாளி மனசு வெச்சா எழுநூறு. அதுக்கே ஸ்வீட் பாக்ஸ் குடுத்துக் கை குலுக்குவாங்க. கெளம்பின பஸ்ஸத் தொரத்துற மாதிரிதான், கம்பியத் தொடற நேரத்துல டிரைவர் கியர மாத்திடறான். பகல்ல முப்பதாயிரம் ரூபா முகூர்த்தப் புடவை வித்துட்டு, சாயங்காலம் வந்து ஒழுகுற கொழாய்க்குத் துணி சுத்திக்கிட்டு இருப்பேன். யார் மேல கோவப்படறதுன்னு தெரியாது. அதுதான் சார் கொடுமை, கோவப்படறதுக்கு ஒரு ஆளு கெடையாது.

இந்த வீடு ஏகாம்பரம் சாரோடது. ரயில்வேல கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவரு. அவரு சம்சாரம் கமலவேணி அம்மா. புள்ளைங்க கெடையாது. அந்தம்மா அதிகம் பேச மாட்டாங்க. எது சொன்னாலும் ஒரு 'ம்', அவ்வளவுதான். ஆனா யாமினிக்குக் காய்ச்சல்னா மேலேர்ந்து மொளகு ரசம் தானா எறங்கி வரும். எங்களுக்குத் தண்ணி வராத நாள்ல அவங்க கதவு தொறந்தே இருக்கும், கொடத்த எடுத்துக்கிட்டுப் போயிப் புடிச்சுக்கலாம். ரொம்ப நன்றிங்கம்மான்னு சொன்னா அதுக்கும் 'ம்'தான்.

அந்தம்மா போனது ஒரு மத்தியான நேரம். சாரு உயிரோட இருக்கேன்னு கையெழுத்துப் போட பேங்குக்குப் போயிருந்தாரு, பென்ஷனுக்கு வருஷா வருஷம் போடணுமே. குணவதி அவ அக்கா வீட்டுக்குப் போயிருந்தா. எனக்கு வார லீவு. மேல ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். சமையக்கட்டுல மூச்சுத் திணறிக்கிட்டுச் சாஞ்சு கெடந்தாங்க. ஒல்லி ஒடம்பு, நானே ரெண்டு கையிலயும் தூக்கிக்கிட்டுப் படி எறங்கி ஆட்டோவுல ஏத்தினேன். என் தோள்லதான் சாஞ்சிருந்தாங்க. ஒண்ணும் இல்லம்மா, ஆஸ்பத்திரி வந்துடுச்சுன்னு சொன்னேன். 'ம்'னாங்க. அதோட சரி.

அதுக்கப்புறம் சாரு என்ன எங்க பாத்தாலும் கேப்பாரு, கடைசியா ஏதாச்சும் சொன்னாளான்னு. 'ம்'னாங்க சார்னு சொல்வேன். போதும்பாரு. அடுத்த வாரம் பாத்தா மறுபடி கேப்பாரு. எத்தன தடவை சொல்லியிருப்பேன்னு கணக்கே இல்ல.

ஒரு வருஷம் பொறுத்து, வீட்ட விக்கப் போறேன்னு சொன்னாரு. தாம்பரம் தாண்டி ஒரு முதியோர் இல்லம் பாத்து வெச்சிருந்தாரு. தனி ரூமு, ஜன்னலத் தொறந்தா ஒரு வேப்ப மரம். வீட்ட நல்ல வெலைக்கு வித்தாத்தான் அந்த ரூமுக்குக் கட்ட முடியும். நாப்பத்தி நாலு வருஷம் அவகூட மட்டுமே இருந்துட்டேன், இனிமே வேற யாரு கூடவும் ஒரு ரூமுல படுக்க முடியாதுன்னாரு. மொதல்ல என்னத்தான் கேட்டாரு சார், அதச் சொல்லணும். உங்களுக்குன்னா நாலு லட்சம் கொறச்சுக்கறேன், எடுத்துக்கறீங்களான்னாரு. கொறச்சே நாப்பத்தெட்டு லட்சம். அப்ப என் சம்பளம் பதினாறாயிரத்து எரநூறு. நான் சிரிச்சேன், வேற என்ன பண்றது. அவரு நல்ல மனசோடதான் கேட்டாரு. செருப்பால அடிச்சிருந்தாக்கூட எனக்கு அவ்வளவு வலிச்சிருக்காது.

மொத பார்ட்டி ஒரு ஞாயித்துக்கெழமை வந்தாங்க. சின்ன வயசு, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. பாத்துட்டு எறங்கி வரும்போது மூஞ்சியில புடிச்சிருக்குன்னு எழுதி ஒட்டியிருந்துச்சு. எனக்குத் தெரியாதா சார், முப்பது வருஷமா அந்த மூஞ்சியப் பாத்துதான சோறு தின்னேன். நான் கீழ கேட்டுப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். கொழந்தைங்க இருக்குதான்னு பேச்சுக்குக் கேட்டேன். படி செங்குத்தா இருக்குதேன்னு நெனச்சுத்தான் கேட்டேன், சத்தியமா. ரெண்டு இருக்குன்னாங்க. நான் 'ம்'னேன். 'ம்'னுட்டு மாடியப் பாத்தேன். அவ்வளவுதான் சார் நான் பண்ணது. அந்தப் பொண்ணு மூஞ்சியில ஒரு இழை எழும்பிச்சு. ஏன் கேக்கறீங்கன்னுச்சு. ஒண்ணும் இல்லம்மான்னேன். அவங்க திரும்பி வரவே இல்ல.

அதுக்கப்புறம் வந்தவங்ககிட்டயும் கேட்டேன். கொழந்தை இருக்கா, இருக்கு, ம். பேய்னு சொன்னேனா, பிசாசுன்னு சொன்னேனா? இன்னிக்குக் கோயில்ல கூப்புட்டுக் கற்பூரம் அடிக்கச் சொன்னாலும் அடிப்பேன், ஒரு பொய் என் வாயிலேர்ந்து வரல.

ஊர் வாய மூட உலைமூடி இல்லம்பாங்க. மூணு மாசத்துல அந்த 'ம்'முக்குக் கண்ணு, காது, மூக்கு எல்லாம் மொளச்சிடுச்சு. கமலவேணி அம்மா சமையக்கட்டுல தூக்கு மாட்டிக்கிட்டாங்கன்னு பால்காரர் சொல்றாரு. புள்ளையில்லாத ஏக்கம்னு இஸ்திரிக்காரர் சொல்றாரு. கொழந்தை இருக்கற குடும்பம் வந்தா அந்தம்மா கொழந்தையப் போயிப் போயிப் பாப்பாங்களாம், அதுக்குக் காய்ச்சல் வருமாம். இதெல்லாம் அவங்க அவங்க சொந்தச் சரக்கு. புரோக்கர் ஒருத்தர் மட்டும் என்ன ஒரு மாதிரி பாத்தாரு. அவருக்குக் கமிஷன் போன வயித்தெரிச்சல்.

ஒரு நாள் சாரு எங்க வீட்டுக்கு எறங்கி வந்தாரு. உக்காருங்கன்னா உக்காரல. கதவு நெலையப் புடிச்சுக்கிட்டே சொன்னாரு, "எம் பொண்டாட்டிய ஊரே சேந்து தூக்குல மாட்டிடுச்சு தணிகாசலம். அவ எப்படிப் போனான்னு பாத்தது நீங்க ஒருத்தர்தான். வர்றவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க." சொல்றேன் சார்னேன். அவரு படியேறிப் போற வரைக்கும் நான் தலையத் தூக்கிப் பாக்கல.

சொன்னேன் சார். சொல்லலன்னு நெனச்சுடாதீங்க. வந்தவங்க ஒருத்தர் விடாம, அவங்க வண்டிய நிறுத்தும்போதே, கேக்காமலே நானா போயிச் சொன்னேன். அந்தம்மா நல்லபடியாத்தாங்க செத்தாங்க, தூக்கெல்லாம் கெடையாது. வீட்ல ஒண்ணும் இல்லீங்க, யாரு என்ன சொன்னாலும் நம்பாதீங்க. இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன சொல்ல முடியும்? மாடிக்குப் போக இருந்தவங்க அப்படியே வண்டியத் திருப்பிட்டுப் போனாங்க. சனங்க அப்படித்தான் சார். உண்மையச் சொன்னா நம்ப மாட்டாங்க.

ஒன்றரை வருஷம் போச்சு. அம்பத்தி ரெண்டு நாப்பதாச்சு, அப்புறம் முப்பதாச்சு, அதுக்கும் ஆளில்ல. கடைசியில இருபத்தி மூணுக்கு நான் எடுத்தேன். பி.எஃப். பணம், யாமினி கல்யாணம் போக மிச்சமிருந்த நகை, பேங்குல லோனு. பத்திர ஆபீசுல கையெழுத்துப் போட்டதும் சாரு என் கையப் புடிச்சுக்கிட்டாரு. "ஊரே பயந்த வீட்ட நீங்க ஒருத்தர்தான் என் வார்த்தைய நம்பி எடுத்தீங்க"ன்னாரு. அவரு கை சில்லுனு இருந்துச்சு. அந்தப் பணத்துக்குத் தனி ரூமு கெடைக்கல. நாலு கட்டில் போட்ட ரூமுல ஒரு கட்டில் கெடைச்சுது.

குணவதிக்குப் பயம்னு ஒண்ணு வரவே இல்ல சார். கமலவேணி அம்மாவா, அவங்க எனக்கு என்ன பண்ணிடப் போறாங்க, வந்தா ரசம் வெச்சுக் குடுப்பாங்கன்னு சிரிச்சா. குடி வந்த அன்னிக்கு மொத வேலையா ஆணி அடிச்சா. அந்தச் செவுத்தப் பாருங்க. பதினேழு ஆணி. மாட்டறதுக்கு எங்ககிட்ட ஒரு கல்யாண ஃபோட்டோவும் ஒரு காலண்டரும்தான் இருந்துச்சு, மிச்சம் பதினஞ்சு ஆணி சும்மாவே நிக்குது. சுத்தியல் சத்தம் கேட்டு யாராவது வந்து திட்டுவாங்களான்னு ஒவ்வொரு ஆணிக்கும் என்னத் திரும்பிப் பாப்பா. ஒருத்தரும் வரல. கடைசி ஆணி அடிச்சுட்டுத் தரையில உக்காந்து அழுதா. நானும் அழுதேன் சார். அன்னிக்கு ஒரு நாள் நான் எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா?

நாலு மாசம் பொறுத்து, சாரப் பாத்துட்டு வரேன்னு கெளம்பினா. அந்தம்மா வெக்கற பக்குவத்துலயே மொளகு ரசம் வெச்சு, தூக்குவாளியில ஊத்தி எடுத்துக்கிட்டு ரெண்டு பஸ் மாறிப் போனா. திரும்பி வந்து செருப்பக் கழட்டும்போதே பேச ஆரம்பிச்சா. சாரு எளைச்சுப் போயிட்டாராம். ரசத்த மோந்து பாத்துட்டுக் குடிக்காம வெச்சுட்டாராம். உங்களப் பத்தித்தாங்க பேசிக்கிட்டே இருந்தாருன்னா. வந்தவங்கள எல்லாம் ஒருத்தர் விடாம கேட்டு வாசல்லயே நிறுத்தி எனக்காகச் சாட்சி சொன்னாரும்மா, வீட்ல ஒண்ணும் இல்லீங்க நம்பாதீங்கன்னு அவங்க கேக்கறதுக்கு முந்தி அவரே போயிச் சொன்னாரு, அப்படியும் ஒருத்தரும் நம்பலன்னு சொன்னாராம். அதச் சொல்லிக்கிட்டே வந்தவ அப்படியே நின்னுட்டா.

நான் ஈசிச் சேர்ல உக்காந்திருந்தேன். இதோ, இந்தச் சேருதான். என் கையப் பாத்தா சார். கட்டை விரலப் பாத்தா.

"நகமா?"ன்னு கேட்டா.

அவ்வளவுதான் கேட்டா. என்னடி ஒளர்றன்னேன். நான் ஒரு பொய் சொன்னேனான்னு சத்தம் போட்டேன். எழுத்து எழுத்தா அவரு கேட்டத்தான சொன்னேன், சாட்சிதான சொன்னேன்னு கத்தினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு 'ம்'னா.

அதுலேர்ந்து அவகிட்டேர்ந்து எனக்கு வேற வார்த்தை கெடையாது. சோறு போடட்டுமான்னு கேக்க மாட்டா, போட்டுடுவா. உப்பு கம்மியா இருக்குன்னா 'ம்'. கடையில சம்பளம் ஏத்தியிருக்காங்கன்னா 'ம்'. வாய் ஓயாத பொம்பளை சார். ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, அவ வாயிலேர்ந்து அந்தச் செத்துப்போன அம்மா பேசற மாதிரியே இருக்கும். எனக்கு மேலெல்லாம் கூசும்.

நாங்க குடி வந்த எட்டாவது மாசம் ஏகாம்பரம் சாரு போயிட்டாரு. அந்த ரூமுல ஜன்னல் பக்கத்துக் கட்டில் காலியாகட்டும்னு காத்துக்கிட்டு இருந்தாராம். காலியான வாரம்தான் அவரு போனாரு. குணவதி போயிட்டு வந்தா. எனக்கு அது தீபாவளி சீசன், லீவு குடுக்கல. கேட்டேனான்னா, கேக்கல. அதச் சொல்லிடறேன்.

யாமினி பிரசவத்துக்குன்னு குணவதி திருவள்ளூருக்குப் போனவதான், வரல. போகும்போது எல்லாப் புடவையும் எடுத்துக்கிட்டா. அந்த அரக்குப் புடவைய மட்டும் பிரிச்சு, கீறு மேல தெரியற மாதிரி மடிச்சு, பீரோவுல வெச்சுட்டுப் போயிட்டா. ஃபோன் பண்ணா யாமினிதான் பேசும். அம்மாகிட்ட குடும்மான்னா குடுக்கும். நான் பேசிக்கிட்டே இருப்பேன், அந்தப் பக்கம் 'ம்'. ஒரு நாள் யாமினிதான் சொல்லுச்சு. வீட்ட வித்துட்டு வரச் சொல்றாங்கப்பா, ஆனா கொறைச்சு விக்கக் கூடாதாம். கொறைச்சு வித்தா அந்தம்மா தூக்குல தொங்கினது நெசம்னு ஆயிடுமாம். நல்ல வீட்டுக்கு என்ன வெலையோ அந்த வெலைக்கு ஒருத்தர் வாங்கணுமாம். அப்பத்தான் அந்தம்மா கயித்துலேர்ந்து எறங்குவாங்களாம்.

என்ன பேச்சு சார் இது? நான் பணத்த யாமினிக்கே குடுத்துடறேன்னேன். அது கூட வாடகை வீட்லதான் இருக்குது, அங்கயும் இப்ப வெலை நம்ம ஊர் மாதிரி ஆயிடுச்சாம். அம்மாவுக்கு அது வேணாமாம்பான்னுடுச்சு. இந்தத் தெருவுல இப்ப ரெண்டு ரூமு வீடு அறுபத்தி ரெண்டு லட்சம். நானும் அதத்தான் சொல்றேன். புரோக்கருங்க சிரிக்கறாங்க.

சார், இன்னும் ஒரு விஷயம் இருக்குது. இத உங்ககிட்ட சொல்லக் கூடாது. ஆனா ஆரம்பிச்சுட்டேன். தனியா இருக்கறவனுக்கு வாய்விட்டுப் பேசற பழக்கம் வந்துடும்ல. மத்தியானத்துல, சோத்த வடிச்சுட்டு, மழை வரும்போல இருக்கேன்னு சும்மா சொல்வேன். சமையக்கட்டுலேர்ந்து 'ம்'னு வரும். மொதத் தடவை, குணவதி வந்துட்டாளோன்னு எழுந்து ஓடினேன். எப்ப வந்தன்னு கேட்டுக்கிட்டே ஓடினேன். ஒருத்தரும் இல்ல, குக்கரு மட்டும் அடுப்பு மேல இருக்குது. இது என் சம்சாரம் கொரலா, அந்தம்மா கொரலான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் 'ம்'பாங்க. ஒரு நாள் அது என் கொரல் மாதிரியே இருந்துச்சு சார். அன்னிக்குச் சோத்த அப்படியே வெச்சுட்டுக் கீழ எறங்கிப் போயிக் கேட்டுப் பக்கத்துல உக்காந்துட்டேன். இப்பெல்லாம் பகல் பூரா டி.வி. ஓடும். நீங்க வரீங்கன்னுதான் நிறுத்தினேன்.

என்ன சார், எழுந்துட்டீங்க? ரூமு ரெண்டையும் பாக்கவே இல்லயே. காத்து நல்லா வரும், வாங்க, பால்கனிக் கதவத் தொறந்து காட்டறேன்.

பாப்பாவுக்கு ஸ்கூல் தூரமா. பாப்பா இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லயே சார். நான் அதக் கேக்கவும் இல்ல. கேக்கக் கூடாதுன்னுதான் நாக்கக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இப்ப ஏன் பாப்பா ஞாபகம்?

கீழ அந்தப் பொண்ணு கேட்டுச்சா? பேசலன்னு சொன்னீங்களே. கொழந்தை இருக்கான்னு கேட்டுச்சா? கேட்டுட்டு 'ம்'னுச்சா? மாடியப் பாத்துச்சா?

பாத்தீங்களா சார், என்ன ஜென்மம் இதெல்லாம். பேய்னு வாயத் தொறந்து சொல்லியிருந்தா, ஏம்மா பொய் சொல்றன்னு போயிச் சண்டை போடலாம். 'ம்'முன்னா என்னத்தப் போயிக் கேக்கறது? நான் ஒண்ணும் சொல்லலயேங்கும். மருந்துக் கடையில பில்லு போட்டு எந்தக் காலத்துல வீடு வாங்கறதுன்னு அதுக்கு ஆத்திரம், எனக்குப் புரியுது. புருசனும் பொண்டாட்டியுமா போன மாசம் வந்து என்ன வெலைன்னு கேட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டே எறங்கிப் போனாங்க. அதுக்காக இன்னொருத்தன் வயித்துல அடிக்கறதா? செத்துப்போன ஒரு நல்ல பொம்பளை பேர எடுத்து இப்படிப் பண்ணலாமா? கொஞ்சம் கூட மனசாட்சி வேணாமா சார்?

செருப்பு மாட்டிக்கிட்டீங்க. சரி. ஒரு நிமிசம் நில்லுங்க, போகும்போது இத மட்டும் கேட்டுட்டுப் போங்க. வாங்கலன்னாலும் பரவாயில்ல. அந்தம்மா நல்லபடியாத்தான் செத்தாங்க. என் தோள்ல சாஞ்சுக்கிட்டுத்தான் போனாங்க, நான்தான் சாட்சி. இந்த வீட்ல ஒண்ணும் இல்ல சார். யாரு என்ன சொன்னாலும் நம்பாதீங்க.

இப்ப 'ம்'னது நீங்கதான சார்?

இல்ல, நீங்க வாசல்ல நிக்கறீங்க, சத்தம் எனக்குப் பின்னாலேர்ந்து வந்த மாதிரி இருந்துச்சு. நீங்கதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. சார். படியில நின்னாவது சொல்லிட்டுப் போங்க சார்.